இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளைகள் கையில் கிடைக்கும். கோ-கோ அணி குறுவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றது. வில்லுப்பாட்டுக் குழு மாவட்ட அளவு வரை போய்வந்தது. ஏழாம் வகுப்பு பி பிரிவில் மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த கூரையைச் சரி செய்துவிட்டோம். பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு ஜனவரியிலிருந்து 5.15 வரை நடக்கும். உழைத்த மாணவர்கள், ஆசிரியர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்.

சரி, பொது அறிவு மன்றத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதம் இதை ஆரம்பித்தபோது ஏற்பாடு எளிமையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் வராந்தாக் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவோம். மொழி, ஊர், நாடு, பழக்கவழக்கம், புதிர் என்று எதுவாகவும் இருக்கலாம். வியாழன் மதியத்துக்குள் விடையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சரியான விடைக்கு ஒரு பேனா.

முதல் மாதங்களில் இந்தப் பெட்டியால் எனக்கே பொழுது போனது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரே ஓடத்தில் அக்கரை சேர்க்கும் பழைய புதிரைக் கொடுத்திருந்தோம். ஓடக்காரனோடு ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏறலாம். அவன் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் சாக்பீஸால் ஆறு வரைந்தார்கள். ஒருவன் புலி, ஒருத்தி ஆடு, ஒருவன் ஓடக்காரன். நான்காமவனுக்குப் புல்லுக்கட்டாக உட்கார்ந்திருக்க விருப்பமில்லை. கொஞ்சம் சண்டை நடந்தது. மூன்று முறை ஆடு செத்தது. அப்புறம் ஆடாக நின்ற பெண்ணே, "என்னைத் திரும்ப இந்தக் கரைக்கே கொண்டு வா" என்று கத்தினாள். அக்கரை சேர்த்ததைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று அவளுக்குத் தோன்றிய அந்த நொடியில் புதிர் அவிழ்ந்துவிட்டது. ஏழு நடை. மணி அடித்துப் பத்து நிமிடம் ஆகியும் நான் அவர்களை வகுப்புக்கு விரட்டவில்லை. கணக்கு டீச்சர் மன்னிக்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரம், நம் கன்னியாகுமரி மாவட்டம் எந்த நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்று கேட்டோம். 1956 நவம்பர் 1 என்று தேதி எழுதினால் போதும். ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். பாட்டி சொல்லச் சொல்ல எழுதியதாம்: அதற்கு முன்பு இங்கே மலையாளமும் படித்தது, பெரியவர்கள் திருவனந்தபுரத்துக்கு மனு எழுதியது, எல்லாம். அது காப்பி இல்லை. அந்த மாதிரி உதவியை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன்.

ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பர் வாக்கில், சீட்டுகளின் வாசனை மாறிவிட்டது. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் எது என்று கேட்டிருந்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஆனைமுடி, 2,695 மீட்டர் என்று ஒரே வாக்கியம். அத்தனையிலும் 'சிகறம்' என்று ஒரே எழுத்துப் பிழை. ஆனைமுடி தென்னிந்தியாவிலேயே உயரமானது என்பது உண்மை. ஆனால் அது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தில் உயரமானது ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள தொட்டபெட்டா, 2,637 மீட்டர். புத்தகத்தைத் திறந்த பிள்ளைகள் சரியாக எழுதியிருந்தார்கள். வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதைப் பார்த்து எழுதியவர்கள்தான் மொத்தமாகத் தவறினார்கள்.

அடுத்து இரவு நேரத் தொலைபேசி. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது என்ற கேள்விக்கு, அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதே விடை என்று பலகையில் எழுதினோம். அன்று இரவு 9.45க்கு சமூக அறிவியல் ஆசிரியருக்கு அழைப்பு. ஹாக்கி என்று ஊருக்கே தெரியுமே, நீங்கள் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று ஒருவர். அவர் வைத்த பத்து நிமிடத்தில் இன்னொருவர். கூடவே, நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஒரு ஃபார்வர்டு. அதுவும் உண்மையில்லை. ஹாக்கி விஷயத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்திருக்கிறது. அந்த மனுவைப் போட்டது லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடிதம் எழுத வைத்தது போன வாரம் நடந்த வினாடி வினா இறுதிச் சுற்று.

இரண்டு அணிகளும் சமநிலை. கடைசிக் கேள்வி: இந்தியாவின் தென்கோடி முனை எது? இருபது நொடிக்குள் சிலேட்டில் எழுத வேண்டும். நான் மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் ஒரு பிள்ளையின் சிலேட் எனக்கு நேராகத் தெரிந்தது. 'இந்தி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் வரிசையில் தொண்டையைச் செருமும் சத்தம். தெற்கே நீட்டிய ஒரு கை. அவள் சிலேட்டைப் பார்த்தாள், திரும்பக் கூடத்தைப் பார்த்தாள். உள்ளங்கையால் அழித்துவிட்டு 'கன்னியாகுமரி' என்று எழுதினாள். எதிரணி இந்திரா முனை என்று எழுதியிருந்தது. அவர்கள் ஜெயித்தார்கள்.

நம் குமரிமுனை இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி; அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நாடு என்று கேட்டால் தீவுகளும் சேரும். கிரேட் நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை, வடக்கு அட்சரேகை 6 டிகிரி 45 நிமிடத்தில் இருக்கிறது. நாம் 8 டிகிரிக்கு மேலே. 2004 சுனாமியோடு வந்த நிலநடுக்கத்தில் அங்கே நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போய்விட்டது. அந்த டிசம்பர் 26 நம் கடலோர வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேள்வி அட்டையில் 'தீவுகள் உட்பட' என்று போட்டிருக்க வேண்டும். அது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை ஒத்துக்கொள்ள முடியாது. பெரியவர்கள் சிலர் மேடை ஏறினார்கள். ஆசிரியர் கையிலிருந்த அட்டை பிடுங்கப்பட்டது. சொந்த மாவட்டத்தையே விட்டுக்கொடுத்த பள்ளிக்கூடம் என்று மைக்கிலேயே பேசப்பட்டது. இத்தனையும் பிள்ளைகள் முன்னால். அந்தப் பெண் அழவில்லை. சாக்பீஸ் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றாள். தனக்குத் தெரிந்திருந்தது என்று இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது யார் என்று நானும் சொல்லப்போவதில்லை, தயவுசெய்து விசாரிக்காதீர்கள்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் மன்றத்தை அன்றே கலைத்துவிடுவேன். இதில் சமாதானம் பேச யாரும் என் அறைக்கு வர வேண்டாம்.

ஜனவரியிலிருந்து வியாழன் பெட்டியில் பிள்ளை தன் கையால், தன் வார்த்தையில் எழுதிய சீட்டு மட்டுமே ஏற்கப்படும். விடை தவறாக இருந்தாலும் எப்படி யோசித்தான் என்று எழுதியிருந்தால் அவனுக்கும் பேனா உண்டு. பலகையில் நாங்கள் எழுதிய விடையில் ஆட்சேபம் இருந்தால், பிள்ளையே எழுதித் தரட்டும், எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்ற விவரத்தோடு. நாங்கள் தவறு என்றால் அதே பலகையில் திருத்தி எழுதுவோம். மாலை 7 மணிக்கு மேல் ஆசிரியர்களை அழைக்க வேண்டாம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த இறுதிச் சுற்று மாணவர்கள் மட்டும் இருக்கும் கூடத்தில் நடக்கும். பரிசளிப்புக்கு நீங்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்.

கை காட்டியவர் ஆசையில்தான் காட்டினார் என்பது எனக்குத் தெரியும். என் மகன் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒரு பேச்சுப் போட்டியில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து வாயசைத்தவள்தான். அவன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

நூலகத்துக்கு அட்லஸ் வாங்கிக் கொடுத்த தந்தைக்கும், வாராவாரம் ஒரு விடுகதை எழுதி அனுப்பும் தாய்க்கும், அந்த நவம்பர் பாட்டிக்கும் என் நன்றி. மழையிலும் பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுவந்து விட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: விடுமுறைக்கு ஒரு கேள்வி, இது பெற்றோர்களுக்கு மட்டும். 'விகடகவி', 'தேருவருதே' போல, திருப்பிப் படித்தாலும் மாறாத தமிழ்ச் சொல்லோ தொடரோ ஒன்றைச் சொந்தமாக யோசித்து எழுதுங்கள். போன் பார்க்கக் கூடாது, பிள்ளைகளிடமும் கேட்கக் கூடாது. பள்ளி திறக்கும் நாளன்று பெட்டியில் போடலாம். பேனா உண்டு.