வாங்கிய புத்தகம் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சு நூல்களின் எதிர்காலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை புதுத்தாளின் மணத்தில் தொடங்கி, திரையில் படிப்பதால் வரும் கண்வலியில் முடிந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம்தான் பேசுவது? எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதற்காகவே வயதானவர்கள் பலர் திரைக்கு மாறிவிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு மின்நூல் வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறது. அச்சுத்தாளால் அது ஆகாது. 244 ஆண்டுகள் அச்சில் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம், 32 தொகுதிகள் கொண்ட 2010 பதிப்போடு அச்சை நிறுத்துவதாக 2012இல் அறிவித்தபோது ஆளாளுக்கு இரங்கல் எழுதினார்கள். அச்சேறுவதற்குள் பழசாகிவிடும் தகவலுக்கு அத்தனை காகிதம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய மின்நூல் நம்முடையதுதானா?

2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் மின்பதிப்பு ஒன்றை, ஏற்கெனவே வாங்கியவர்களின் கிண்டில் என்னும் மின்நூல் வாசிப்புக் கருவிகளிலிருந்தே அழித்தது. எந்த நூல்களை என்று பாருங்கள்! '1984'இன் கதையே, அரசு பழைய பதிவுகளை அழித்து மாற்றி எழுதுவதைப் பற்றியது. விற்பனைக்கு ஏற்றியவரிடம் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பாடத்துக்காக '1984' படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவரிடம் அவர் எழுதிவைத்த குறிப்புகள் மட்டும் மிஞ்சின. எந்த வரிக்கு எழுதியது என்று பார்க்க நூல் இல்லை. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், மாணவர் தொடுத்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எல்லாமே திறக்காமல் போயின. அப்போதும் பணம் வந்தது. ஓரக்குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர்.

கோப்பு நம் கருவியில் இருந்தாலும் அதைத் திறக்கும் அனுமதி பெரும்பாலும் விற்றவர் கையில்தான் இருக்கிறது. அச்சுப் புத்தகம் விற்ற கடை இழுத்து மூடப்பட்டால், நம் அலமாரியிலிருந்து புத்தகம் எழுந்து போய்விடுவதில்லை. இந்த வித்தியாசத்தை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டு, 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நூலகங்களின் பாடு இன்னும் மோசம். அச்சுப் பிரதி என்றால் தைப்பு விடும்வரை இரவல் கொடுக்கலாம். ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பு நிறுவனமோ, நூலகங்களுக்கு விற்கும் ஒரு மின்நூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் தீர்ந்துவிடும் என்று 2011இல் விதி வகுத்தது.

பத்திரிகைகளுக்கு வருகிறேன். வியன்னாவில் 1703 முதல் வெளிவந்த 'வீனர் ஸைட்டுங்' செய்தித்தாள் 2023 ஜூன் 30ஆம் தேதியோடு தினசரி அச்சை நிறுத்தியது. அதன் பழைய இதழ்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இணையத்தின் கதை வேறு: 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. காணாமல் போவதாவது தெரிந்துவிடும். சத்தமில்லாமல் மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலையில் பார்த்த தலைப்பு மாலையில் வேறாக இருக்கிறது, தவறான எண் சரியாகிவிடுகிறது, மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. அச்சில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவீர்கள். பிழையும் திருத்தமும் இரண்டுமே பதிவில் நிற்கும்.

காகிதம் சாகாவரம் வாங்கி வந்தது என்று நான் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து புழக்கத்துக்கு வந்த மரக்கூழ்க் காகிதம், அதிலுள்ள அமிலத்தால் மஞ்சளித்து, தொட்டால் நொறுங்கும் நிலைக்குப் போகிறது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நகலெடுத்து வைக்க அவகாசம் கிடைக்கிறது.

அச்சை நிறுத்தாதீர்கள் என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. தாள் விலையும் விளம்பர வரவும் உங்கள் கவலை. நான் இப்போது உங்கள் இணையப் பதிப்பின் சந்தாதாரர். சந்தா முடிந்த மறுநாள், நான் பணம் கட்டிய காலத்து இதழ்களும் பூட்டிக்கொள்ளுமா? ஒவ்வோர் இதழையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வழி செய்வீர்களா? கட்டுரையில் கை வைத்தால், என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று அடியில் போடுவீர்களா? பதிலை அடுத்த இதழிலேயே எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சந்தாதாரர் ஒருவர்