துலா மிதித்தவன் சொல்கிறேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். போனில் கதைக்கலாம்தான். ஆனால் போனில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நரம்புக் கலத்துக்குள் சாமான் சுமக்கும் மோட்டர்ப் புரதங்களைப் பற்றிய உன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை அச்செடுத்து, அகராதியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரைக் கிழமையாக வாசிக்கிறேன். அச்செடுத்துத் தந்த பெடியன், "ஐயா, இது என்ன சோதினைக்கு?" என்று கேட்டான்.

முதலில் கால். கொப்புளம் காய்ந்துவிட்டது, மூன்று மாதம் எடுத்தது. தேரன்று வெளிவீதி மணல் அப்படிக் கொதித்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிணற்றடியில் கால் கழுவும்போது அம்மா கண்டுதான் கத்தினாள். காட்டப்போன இடத்தில் "வயசு போனால் அப்படித்தான்" என்று ஒரு விற்றமின் எழுதித் தந்தார்கள். நீ போனில் பத்து நிமிடம் சொன்னதுதான் எனக்கு விளங்கியது. முள்ளந்தண்டின் அடியில் இருந்து கால்விரல் நுனிவரை ஒரே நரம்புக் கலம், ஒரு மீற்றர் நீளம், சாமான் முழுக்க மேலே இருந்து போகவேண்டும், சீனி வருத்தம் நரம்பைக் கெடுக்கும் வழிகள் பல, இந்தப் போக்குவரத்துக் குழம்புவதும் அதில் ஒன்று, நீளமான நரம்புதான் முதலில் அடிபடும் என்றாய். அன்றிரவு நித்திரை வரவில்லை. காலை நினைத்தல்ல, நான் படிப்பித்ததை நினைத்து.

முப்பத்தொரு வருடம் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்தவன் நான். கரும்பலகையில் கலத்தை வரைந்து, நடுவில் கருவைப் போட்டு, சுற்றிவர இழைமணிகளைத் தூவிவிட்டு, மிச்சத்தைப் பரவல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவேன். முகவைத் தண்ணீரில் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) மணி ஒன்றைப் போட்டு ஊதா படர்வதைக் காட்டினால் பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள். போன கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரவற் குணகம் செக்கனுக்கு 10 சதுர மைக்ரோமீற்றர் உள்ள ஒரு புரதம் ஒரு மீற்றர் தூரம் தானாகப் பரவிப்போக 1,500 வருடத்துக்கு மேல் வேண்டும். பல்லவர் காலத்தில் என் பெருவிரலுக்கு அனுப்பிய சாமான் இப்போதுதான் வந்து இறங்கும்!

உன் கைனசின் என்ற மோட்டர்ப் புரதம் அப்படிக் காத்திருப்பதில்லை. நுண்புன்குழாய் என்ற தெருவில் சாமானைச் சுமந்துகொண்டு நடக்கிறது. கலத்தின் எரிபொருளான ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்றுக்கு ஓர் அடி, ஓர் அடி 8 நனோமீற்றர், செக்கனுக்கு நூறு அடி மட்டில். விரல் நுனிக்குப் பன்னிரண்டரைக் கோடி அடி. சோதனைத் தட்டில் கண்ட வேகத்தில் நில்லாமல் நடந்தால் பதினான்கு நாள். உயிருள்ள நரம்பில் இன்னும் கெதி, நாளுக்கு 400 மில்லிமீற்றர் வரை. அப்படியென்றால் மூன்றாம் நாள் சாமான் விரலில். நீ அனுப்பின பார்சல் கொழும்பில் கிடந்த நாள்களை நினைத்தால் இது திறம்.

கணவாய்க் கதையும் சொல்லவேண்டும். 1985இல் வேல், ரீஸ், ஷீற்ஸ் என்ற மூவரும் கைனசினைப் பிரித்தெடுத்தது கணவாயின் இராட்சத நரம்பிழையில் இருந்து என்று எழுதியிருக்கிறாய். அதன் உள்ளிருந்த சாற்றைப் பற்பசை பிதுக்குவதுபோலப் பிதுக்கி எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால், ஒரே நுண்புன்குழாயில் சின்னச் சின்ன மணிகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினவாம். நான் படிப்பிக்கத் தொடங்கி அடுத்த வருடம் அது. எங்கள் பக்கம் அந்த வருடம் வந்த செய்திகள் வேறு.

ஞாயிறு பாசையூர் மீன்காரனிடம் அரைக்கிலோ ஊசிக்கணவாய் வாங்கினேன். அம்மா அரிவாளை எடுக்க முதல் ஒன்றைத் தூக்கி, பிளேட்டால் நீளவாட்டில் கீறி விரித்து, பூதக்கண்ணாடி பிடித்தேன். உட்சுவரில் வெள்ளையாக ஒரு சின்ன முடிச்சு, அதிலிருந்து விசிறிபோல நூல்கள். அதில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிப்பு. ஊசிமுனையால் தொட்டேன். வழுவழு என்று விலகிப்போனது. "குழம்புக்கு வாங்கினதோ, பள்ளிக்கூடம் நடத்த வாங்கினதோ?" என்றாள் அம்மா. குழம்பு நல்லாயிருந்தது.

இனி நான் உன்னோடு சண்டைபிடிக்க வந்த விஷயம். கைனசின் குழாயின் கூட்டல் முனைப்பக்கம், அதாவது வெளியே நடக்கிறது. 1965இல் கிபன்ஸ் பெயர் வைத்த டைனீன் என்ற மற்ற மோட்டரின் இனம் உள்ளே, கரு இருக்கும் பக்கம் நடக்கிறது. ஒரே சரக்குப்பையில் இரண்டும் பிடித்திருக்கின்றன. சரி. அத்தியாயம் முழுக்க இதைக் "கயிறிழுப்பு" என்றே எழுதுகிறாய். நீ இருக்கிற ஜேர்மனிக்காரர் 2008இல் அப்படி ஒரு கணித மாதிரி போட்டார்கள், பை ஓடி, நின்று, திரும்பி ஓடுவதை அது நன்றாகவே காட்டுகிறது, பை இரண்டு பக்கமும் இழுபட்டு நீளுவதைக் கண்டும் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 36ஆம் பக்கத்தில் நீயே என்ன எழுதியிருக்கிறாய்? ஒரு பக்கத்து மோட்டரை முடக்கினால் மற்றப் பக்கம் வென்று ஓடவேண்டும், பல சோதனைகளில் இரண்டு பக்க ஓட்டமுமே நின்றுபோகிறது என்று. எந்தச் சித்திரை விளையாட்டுப் போட்டியில் பிள்ளை, எதிர்க்கட்சி கயிற்றை விட்டதும் இந்தக் கட்சியும் அசையாமல் நின்றது?

எனக்கு இதைப் படித்ததும் துலாதான் நினைவு வந்தது. நீ கண்டதில்லை. உனக்கு நினைவு தெரிய வளவில் மெஷின் வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறைக்க, ஆடுகால் என்ற கம்பத்தில் பூட்டின நீள மரம்தான் துலா. அப்பு கிணற்றுக்கட்டில் நின்று துலாவின் கொடிக்கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் அள்ளும் பட்டையை இறக்குவார். பெரியண்ணாவும் நானும் துலாவுக்கு மேலே. நாங்கள் முன்னுக்கு நடந்தால் பட்டை இறங்கும், பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு ஏறும். எனக்குப் பத்து வயது, உன் டைனீனுக்குப் பெயர் வைத்த அதே வருடம். ஒருநாள் விடியப்புறம் புகையிலைக்கு இறைக்கிறோம். பட்டை முட்டத் தண்ணீரோடு பாதி வழியில் வருகிறது, கொடி அறுந்தது. முன்னால் பாரம் இல்லாமற் போன அந்தக் கணம் காலுக்குக் கீழே இருந்த துலா இறங்கிவிட்டது. அண்ணா ஆடுகாலைப் பிடித்துத் தொங்கினார். நான் வாய்க்காலில், மண்வெட்டிக்கு மேலே. முழங்கால் தழும்பைச் சின்னனில் தடவித் தடவிக் கேட்பாயே, அதுதான்.

முன்னுக்கு இழுத்த பாரம் எனக்கு எதிரி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அறுந்த பிறகல்லவா தெரிந்தது, நான் நின்றதே அதிலே என்று. 38ஆம் பக்கத்தில் நீ தரும் மூன்று விளக்கங்களையும் பார். எதிரே இழுவை இருந்தால்தான் மோட்டர் ஒழுங்காக நடக்கும் என்பது ஒன்று. ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் மற்றது மடங்கிக் கிடக்காமல் நிமிரும் என்பது இன்னொன்று. ஒன்று நடக்கும்போது மற்றது சரக்கு விலகாமல் குழாயோடு சேர்த்துப் பிடிக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எதிலாவது கயிறிழுப்பு இருக்கிறதா? மூன்றும் துலாதான்.

அன்று அப்பு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போடத்தான் ஓடினார். அதையும் இப்போது யோசிக்கிறேன். ஏற்பு நஞ்சு காயத்தில் இருந்து நரம்பு முனைக்குள் புகுந்து, டைனீனின் முதுகிலேயே ஏறி முள்ளந்தண்டுக்குப் போகிறதாம். உள்ளே வரும் வண்டிக்கு யாரை ஏற்றுகிறோம் என்ற விசாரணை இல்லை. வேலியில் கார்த்திகைப்பூ முட்டிப் பூத்திருக்கிறது, அதன் கிழங்கின் நஞ்சு கொல்சிசின் வண்டியை விட்டுவிட்டுத் தெருவையே குலைக்கிறது. நுண்புன்குழாயின் செங்கல்லான ரியூபுலினை 1967இல் பிடித்ததே அந்த நஞ்சு எதில் ஒட்டுகிறது என்று தேடிப்போய்த்தான். வேலியோரம் அந்தப் பூவை முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒருவித்திலைத் தாவரம் என்பதோடு நிறுத்தியிருக்கிறேன்.

அம்மாவும் நானும் உன்னை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம் என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்லுகிறேன் என்று நினைக்காதே. அதைச் சொல்வதென்றால் அம்மா போனிலேயே சொல்லிவிடுவாள்.

மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் ஒடியல் மாவும் அடுத்த கிழமை வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். தூள் இந்த முறை உறைப்புக் கூட, பார்த்துப் போடு. 36ஆம் பக்கத்தைத் திருத்தினால் எனக்கு அனுப்பு. திருத்தாவிட்டால் ஏன் என்று எழுது, போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா