அருகிலுள்ள பத்திரிகை என்று சட்டம் சொன்னது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்ற அறிவிப்பு, ஏல அறிவிப்பு, நில எடுப்பு அறிவிப்பு போன்றவற்றை இனி நாளிதழ்களில் அச்சிட வேண்டியதில்லை, அந்தந்தத் துறையின் இணையதளத்தில் போட்டால் போதும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். யாரும் படிக்காத பொடி எழுத்துக்கு எதற்கு இத்தனை செலவு என்பது அவர் கேள்வி. மண்ணடியில் ஒரு சிறிய அச்சகத்தில் 31 ஆண்டுகள் அச்சுக் கோத்து, கல்யாணப் பத்திரிகையையும் ஏல நோட்டீசையும் ஒரே ஸ்டிக்கில் (எழுத்துகளைக் கோக்கும் கைச்சட்டத்தில்) அடுக்கியவன் என்ற உரிமையில் அவருக்கு மறுமொழி எழுத விரும்புகிறேன். அந்த எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். படிக்க வேண்டியவர் வாங்காத பத்திரிகையில், அவருக்கு அடையாளம் தெரியாத சொற்களில் அதைப் போடுவதே அதற்குக் காரணம் என்பது என் அனுபவம்.

ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களைப் பார்க்க என் மகள் கற்றுக் கொடுத்தாள். எங்கள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுக்கு 1856 இல் முதல் ரயில் புறப்பட்ட காலத்தையொட்டி, அங்கே மேற்கே மேற்கே என்று குடியேறிக்கொண்டிருந்த மக்கள் புதிதாக எழுப்பிய ஊர்களில் நடத்திய நான்கு பக்க வாரப் பத்திரிகைகளைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன். கலிபோர்னியாவின் முதல் செய்தித்தாளான ‘கலிபோர்னியன்’ 1846 ஆகஸ்ட் 15 அன்று மான்டரே ஊரில் வெளியானபோது, அவர்களிடம் இருந்தவை ஸ்பானிய மொழிக்கு வார்த்த எழுத்துகள். அவற்றில் ‘டபிள்யூ’ இல்லை. கோத்தவர் இரண்டு ‘வி’க்களை ஒட்டி வைத்து ஒப்பேற்றினார். கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், எழுத்துத் தீர்ந்துபோன இரவுகளை அறிந்த எனக்கு அந்த ஒரு வரியே அவரை உறவினராக்கிவிட்டது.

அந்தப் பத்திரிகைகளின் உள்பக்கங்கள் பலவற்றில் மருந்து விளம்பரங்களே நிறைந்திருக்கும். 1861 இல் விஸ்கான்சினில் ஆன்சல் கெல்லாக் என்ற பத்திரிகையாளர், தம் அச்சுத் தொழிலாளி போருக்குப் போய்விட்டதால், ஒரு பக்கம் அச்சிட்ட தாள்களை மாநிலத் தலைநகரிலிருந்து வாங்கி மறுபக்கத்தில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அச்சிட்டார். பிறகு அவரே சிகாகோவிலிருந்து அப்படிப்பட்ட தாள்களை நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அனுப்பும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆகவே மருந்து விளம்பரத்தைப் பார்த்து எந்த ஊர்ப் பத்திரிகை என்று சொல்ல முடியாது. ஊரின் முகம் தெரிவது அறிவிப்புகளில்தான்.

அவற்றில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது குடியேற்ற நில அறிவிப்பு. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் வரை அரசு நிலத்தில் குடியிருந்து ஐந்து ஆண்டுகள் பயிர் செய்தவர் அதற்குப் பட்டா கேட்கலாம். ஆனால் 1879 மார்ச் 3 அன்று வந்த சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது. இறுதிச் சான்று காட்டப் போகிறவர் அதை முன்கூட்டியே நில அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும். அலுவலர் அதை நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் பத்திரிகையில் வாரம் ஒரு முறையாக 30 நாள்களுக்கு வெளியிட வேண்டும். அதே 30 நாள்களும் தம் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியும் வைக்க வேண்டும். அறிவிப்பில் நிலத்தின் விவரத்தோடு சாட்சிகளின் பெயர்களும் இருக்க வேண்டும்.

அப்படி ஓர் அறிவிப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒற்றைப் பத்தி அகலத்தில், ஒரு விரல் நீளத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது: எந்த நில அலுவலகம், என்ன தேதி, குடியேறியவர் பெயர், எந்த நாளில் யார் முன்னால் சான்று காட்டப் போகிறார், நிலத்தின் அளவை எண், கடைசியில் அவர் தொடர்ந்து அங்கே குடியிருந்தார், பயிர் செய்தார் என்று சொல்லப் போகும் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் நான்கு பேர். அளவை எண் புரியாத வாசகருக்கும் அந்த நான்கு பெயர்கள் புரியும். பக்கத்து வயல்காரர் படித்து, இவர் அங்கே இரண்டு குளிர்காலம்கூட இருக்கவில்லையே என்று சொல்ல நினைத்தால், எங்கே, எந்த நாளில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். டகோட்டா பகுதியில் இந்த அறிவிப்புகளின் வருமானத்தை நம்பியே சின்னஞ்சிறு பத்திரிகைகள் முளைத்தன. அறிவிப்புகள் குறைந்ததும் பல மறைந்தன. பிழைப்புக்காக நடந்தவை என்று அவற்றை இகழ்வோர் உண்டு. அந்தப் பிழைப்பால் ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஓர் அறிவிப்புப் பலகை கிடைத்தது என்றே நான் சொல்வேன்.

சுரங்கச் சட்டத்திலும் இதே நோக்கம் தெரிகிறது. 1872 மே 10 ஆம் தேதிச் சட்டப்படி, சுரங்க நிலத்துக்கு உரிமம் கேட்பவரின் அறிவிப்பு மிக அருகிலுள்ள பத்திரிகையில் 60 நாள்கள் வர வேண்டும், அந்த நிலத்திலேயே பலகையாகவும் நிற்க வேண்டும். அதற்குள் எதிர் உரிமை கோரி யாரும் வராவிட்டால், அப்படி ஒருவரும் இல்லை என்றே சட்டம் கொள்ளும். சுரங்கத்தில் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய 100 டாலர் வேலையின் செலவில் கூட்டாளி ஒருவர் தம் பங்கைத் தராவிட்டால், மற்றவர்கள் அவருக்கு நேரில் எழுத்து மூலம் அறிவிக்கலாம், அல்லது பத்திரிகையில் 90 நாள்கள் வெளியிடலாம். அதன் பிறகும் 90 நாள்களுக்குள் அவர் தராவிட்டால் அவர் பங்கு மற்றவர்களைச் சேரும். ஒருவருடைய மௌனத்தையே சம்மதமாக எழுதிக்கொள்ளும் சட்டம், அவர் காதில் விழும் தூரத்தில் கூவ வேண்டும் அல்லவா?

கூவுவது என்று நான் சொல்வது வெறும் உவமை அன்று. கான்சாஸ் மாநிலத்தில் 1860களில் வந்த ஒரு சட்டப்படி, வழிதப்பி வந்த மாட்டையோ குதிரையையோ பிடித்து வைத்தவர் அதை மதிப்பிடச் செய்ய வேண்டும். மதிப்பு 10 டாலருக்கு மேல் போனால், நிறம், சூட்டுக்குறி, பிடித்த நாள், பிடித்தவர் பெயர் ஆகிய விவரங்களை மாவட்ட எழுத்தர் ஒவ்வொரு உருப்படிக்கும் 50 சென்ட் சேர்த்து ‘கான்சாஸ் ஃபார்மர்’ இதழுக்கு அனுப்ப வேண்டும். அந்த மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் படித்த இதழ் அது. சில ஆண்டுகள் கழித்து நம் நாட்டில் வந்த 1871 ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் பாருங்கள்: பவுண்டில் (பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டியில்) அடைத்த மாட்டை ஏழு நாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால், அதைப் பிடித்த இடத்துக்கு மிக அருகிலுள்ள கிராமத்திலும் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும் என்கிறது. மாட்டுக்காரர் எங்கே இருப்பாரோ அங்கே போய்ச் சொல் என்பதுதான் இரண்டு நாட்டிலும் விதி.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த எல்லைப்புற நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆரிகனில் நிலம் வைத்திருந்த நெஃப் என்பவர் தமக்கு 300 டாலருக்கும் குறைவான கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார் என்று ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். நெஃப் அப்போது ஆரிகனில் இல்லை. அறிவிப்பு ‘பசிபிக் கிறிஸ்டியன் அட்வகேட்’ என்ற சமய வார இதழில் ஆறு வாரம் வந்தது. அவர் வரவில்லை, 1866 இல் ஒருதலைத் தீர்ப்பாகி, அவருடைய ஏறக்குறைய 300 ஏக்கர் நிலம் ஏலம் போயிற்று. ஏலத்தின் வழியாக நிலம் பென்னாயர் என்பவர் கைக்குப் போயிருந்தது. அவர்மீது நெஃப் தொடுத்த வழக்கு 1878 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மாநிலத்துக்கு வெளியே இருப்பவரை, நேரில் சார்பு செய்யாமல் (அழைப்பாணையை அவர் கையில் சேர்க்காமல்), நிலத்தையும் முன்கூட்டியே பற்றுகை செய்யாமல் (நீதிமன்றப் பிடியில் கொண்டுவராமல்), பத்திரிகை அறிவிப்பை மட்டும் வைத்துக் கடனாளியாக்கிய தீர்ப்பு செல்லாது என்று அது சொன்னது. அந்த வழக்கில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. அறிவிப்பு வெளியானதற்கு அச்சிடுபவர் தர வேண்டிய உறுதிமொழியை ஆசிரியர் தந்திருந்தாரே, அது செல்லுமா என்பது அந்தக் கேள்வி. அச்சிடுபவர் என்று சட்டம் சொல்வது எழுத்துக் கோப்பவரை அன்று, பத்திரிகையை வெளியிடுபவரையே என்று விளக்கி, ஆசிரியரின் உறுதிமொழி போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே அந்தப் பொறுப்பு தங்களைப் போன்றோருக்கு உரியது என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.

நம் சட்டத்திலும் குறை சொல்ல இடம் அதிகம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976 திருத்தத்தின்போது சேர்த்த விதி, பத்திரிகை வழியாகச் சார்பு செய்வதானால், பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த அல்லது தொழில் செய்த வட்டாரத்தில் புழங்கும் நாளிதழாக அது இருக்க வேண்டும் என்கிறது. எண்ணூர், மணலிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கான மக்கள் கருத்துக்கேட்பு என்றால், 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வர வேண்டும். எழுத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

நடப்பது வேறு. காலடிப்பேட்டையில் குடியிருக்கும் என் அக்காள், மகளின் பிரசவத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தார். கணவர் வழி வந்த வீட்டின் மீது அந்த நேரத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு வந்தது. வீடு பூட்டியிருக்கிறது என்று நீதிமன்ற ஊழியர் எழுதிக் கொடுக்க, பேப்பர் பப்ளிகேஷனுக்கு உத்தரவாகி, அதுவும் வெளியாகி, ஒருதலைத் தீர்ப்பும் ஆகிவிட்டது. அமீனா வந்து கதவைத் தட்டிய அன்றுதான் அக்காளுக்கு வழக்கு இருப்பதே தெரியும். அந்த அறிவிப்பு வந்த இதழைத் தேடி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தேரடி முதல் டோல்கேட் வரை ஒவ்வொரு பேப்பர் கடையாக நான் ஏறி இறங்கினேன். அப்படி ஒரு பேப்பரை நாங்கள் போடுவதே இல்லை என்றார்கள். கடைசியில் வக்கீல் குமாஸ்தா காட்டிய நகலில் பார்த்தால், எட்டுப் பாயிண்டிலும் சிறிய எழுத்தில், அத்தானின் முதலெழுத்துத் தவறாக, காலடிப்பேட்டை என்ற சொல்லே இல்லாமல், சர்வே எண்ணும் நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியும் மட்டும் இருந்தன. அதே தெருவில் இருப்பவர் படித்திருந்தாலும் இது எங்கள் தெரு வீடு என்று கண்டிருக்க மாட்டார். தீர்ப்பை ரத்து செய்ய இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த மனுவுக்கு 30 நாள் கெடு. 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம், பத்திரிகை வழிச் சார்பை இந்தக் கணக்குக்கு முறையான சார்பாகக் கொள்ளாமல், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்தே கெடுவை எண்ணச் சொல்வதால் அக்காள் தப்பினார். விளம்பரம் போய்ச் சேராமலும் இருக்கும் என்பதைச் சட்டமே அறிந்திருக்கிறது.

இணையதளத்தில் போட்டால் இந்தக் குறை தீருமா? தன் மீது வழக்கு இருப்பது தெரிந்தவர்தான் இணையதளத்தில் தேடுவார். தெரியாதவரிடம் செய்தியைக் கொண்டு சேர்ப்பதற்கே அறிவிப்பு. டீக்கடையில் ஒருவர் தற்செயலாகக் கண்ட தெருப் பெயர், மாலைக்குள் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இணையத்திலும் கூடுதலாகப் போடட்டும். நாளிதழை நீக்கக் கூடாது.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. எந்தப் பத்திரிகையில் போடுவது என்பதை நீதிமன்றமும் துறைகளும் முடிவு செய்யலாம்; ஆனால் தங்களிடம் வரும் அறிவிப்பை எப்படி அச்சிடுவது என்பது பெருமளவு தங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வோர் அறிவிப்புக்கும் மேலே காசிமேடு, கொடுங்கையூர், வியாசர்பாடி என்று பகுதியின் பெயரைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வடசென்னை அறிவிப்புகளை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரே இடத்தில் சேர்த்து மறுபடியும் வெளியிட முடிந்தால் இன்னும் நல்லது. சர்வே எண்ணோடு தெருப் பெயரையும் பழைய, புதிய கதவு எண்களையும் எழுதித் தரும்படி விளம்பரப் பிரிவு வழக்கறிஞர்களிடம் கேட்டு வாங்கட்டும். எங்கே, எந்த நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது கடைசி வரியாகத் தனித்து நிற்கட்டும்.

இடம் போதாது என்று தங்கள் விளம்பரப் பிரிவினர் சொல்லக்கூடும் என்பதால், அக்காளின் வழக்கில் வந்த அறிவிப்பின் நகலை, பெயர்களை மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் கீழே, நான் சொன்ன முறையில் அதையே திருத்தி, அதே எழுத்தளவில் அமைத்து ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். முதலாவது ஒற்றைப் பத்தியில் ஒன்பது சென்டிமீட்டர். தெருவும் கதவு எண்ணும் கெடு நாளும் சேர்ந்த இரண்டாவது எட்டரை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அச்சுக் கோப்பாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.