பிரபு பாவம் செய்யும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

யூதர்கள் வாரந்தோறும் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, பகுதி பகுதியாக வாசிப்பது பற்றிய கட்டுரையில், தலைவர்களின் பலவீனத்துக்கு பேசச் சொன்ன கன்மலையை மோசே அடித்த நிகழ்ச்சியை மட்டுமே எடுத்திருந்தீர்கள். அதே பலவீனம் சட்டமாகவே எழுதப்பட்டிருப்பது 'வாயிக்ரா' என்ற வாராந்தரப் பகுதியில், லேவியராகமம் 4ஆம் அதிகாரத்தில். அது விடுபட்டது பெரிய குறை.

அறியாமல் தவறுபவர்களாக அபிஷேகம் பெற்ற ஆசாரியன், சபை முழுவதும், பிரபு (மக்கள் தலைவன்), சாதாரண ஆள் என்று அங்கே வரிசை வருகிறது. மூன்று இடங்களில் எபிரேய மூலம் 'இம்' என்று தொடங்கும். 'செய்தால்' என்று பொருள். பிரபுவுக்கு மட்டும், 22ஆம் வசனத்தில், 'அஷேர்': 'செய்யும்போது'. தமிழ் வேதாகமத்தில் இங்கும் 'குற்றவாளியானால்' என்றே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. இந்தப் பிரபு அரசன்தான் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆள்பவன் தவறுவது எதிர்பார்க்கத்தக்கதே என்று 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் உரை எழுதிய ஸ்போர்னோ விளக்கினார். அவருக்கு முந்தைய உரையாசிரியர் ரஷி 'அஷேர்' என்பதில் 'அஷ்ரே', அதாவது பாக்கியம், என்ற சொல்லைக் காண்கிறார்: அறியாமல் செய்ததற்கே பரிகாரம் தேடும் தலைவனைப் பெற்ற தலைமுறை பாக்கியம் பெற்றது.

பலிமுறையையும் கவனிக்க வேண்டும். அரசன் வெள்ளாட்டுக்கடாவின் தலைமேல் தானே கை வைக்கிறான். இரத்தம் வெளியே உள்ள பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படும், இறைச்சி ஆசாரியர்களுக்கு. ஆசாரியன் தவறினாலோ இளங்காளை. அதன் இரத்தம் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்துக்குள் போகும். திரைக்கு எதிரே 7 முறை தெளித்து, தூபபீடத்தின் கொம்புகளிலும் பூசுவார்கள். அப்படி இரத்தம் உள்ளே போன பலியைப் புசிக்கக் கூடாது (6:30). கொழுப்பும் குண்டிக்காய்களும் பலிபீடத்தில் எரிந்த பிறகு, தோல் முதல் சாணி வரை மற்றதெல்லாம் பாளயத்துக்கு வெளியே எரிக்கப்படும். தன் குற்றத்துக்கான பலியில் ஆசாரியனுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது!

பலர் தவறுவது ஓரிடத்தில்: இந்தப் பலி எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். துணிந்து செய்ததற்கு இது கிடையாது (எண்ணாகமம் 15:30). தன் போர்வீரன் உரியாவைக் கொல்வித்த தாவீது அரசனுக்கு எந்தக் கடாவும் சொல்லப்படவில்லை. தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்ன பிறகே 'பாவம் செய்தேன்' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தது. அறியாமல் செய்த பாவத்திலும், அது பிரபுவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றே 23ஆம் வசனம் பேசுகிறது.

வாயிக்ராவோடு வழக்கமாக வாசிக்கும் தீர்க்கதரிசனப் பகுதி ஏசாயா 43:21இல் தொடங்குகிறது. ஆதித்தகப்பனும் பாவம் செய்தான், மக்களுக்காக முன்நின்று பேசியவர்களும் துரோகம் செய்தார்கள் என்று அதன் 27ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த கட்டுரையில் இரண்டையும் சேர்த்து எழுதச் செய்ய வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை