கருப்பன் படுத்திருந்த சாக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத விடாமல் செய்தது எங்கள் நாய் கருப்பன்தான். ராத்திரி முழுக்க அவன் சொறிகிற சத்தம், தூக்கமே இல்லை.

ஐப்பசி மழை விட்ட பிறகு தொடங்கியது. வாலடியில் முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது. உண்ணியாக இருக்கும் என்று காதிலும் விரலிடுக்கிலும் தேடினேன், ஒன்றுமில்லை. முடியை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரி கருப்புத் துகள். ஈரப் பஞ்சில் வைத்ததும் காவி நிறமாகக் கரைந்தது. அத்தனையும் தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது அவன் ரத்தம்.

நான் செய்த கூத்தையும் கேள். வேப்பெண்ணெயை அப்படியே பூசிவிட்டேன். நக்கி நக்கி வாந்தி எடுத்தான், பாவம். அப்புறம்தான் மருமகன் காரில் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

தெள்ளின் எச்சில்தான் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அப்படிப்பட்ட நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். எடை பார்த்துத் தெள்ளுக்கு மாதம் ஒரு மாத்திரை, அரிப்புக்குச் சில நாள் மாத்திரை கொடுத்தார்கள். ஓட்ஸை நைசாக அரைத்துக் குளிர்ந்த நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசினால் தோல் அடங்குகிறது. வெந்நீர் கூடாது, அரிப்பு கூடும்.

உன் டாமியும் சொறிகிறது என்று எழுதியிருந்தாயே, ஒன்று கவனி. உன் வீட்டில் பூனையும் இருக்கிறது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்கு. டாமியின் மலத்தில் அரிசி போல ஏதாவது நெளிந்தால் அதையும் சொல். நாய் தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும்.

ஆனால் நாயைவிட வீட்டில்தான் வேலை அதிகம். தெள்ளின் முட்டை முடியில் ஒட்டாது, படுக்கிற இடத்தில் உதிர்ந்துவிடும். மாடிப்படிக்கு அடியில் கருப்பன் படுத்திருந்த சாக்கை எரித்துவிட்டேன். போர்வையைக் கொதிநீரில் போட்டாள் உன் தங்கச்சி. தரை இடுக்கெல்லாம் தினமும் பெருக்குகிறோம். முட்டையிலிருந்து வரும் புழு கூடு கட்டிக்கொள்ளும், அந்தக் கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வருமாம். பதினைந்து நாள் கழித்துப் புதுத் தெள்ளு குதித்தபோது மருந்தைத்தான் திட்டினேன், தப்பு என்னுடையது.

இப்போது முடி முளைக்கிறது. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறான், என் முழங்கால்தான் பாவம்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. டாமியை மட்டும் கூட்டி வராதே.

அன்புடன்,
ராசு