குட்டனுக்கு வந்த கட்டி

குலசேகரம்

மக்களே,

நீ அனுப்பின போட்டோவை அம்மையும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். உன் பச்சோந்தி குட்டனின் வாய் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. "அறுக்கவா, விடவா அப்பா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதும் அதே நினைப்புதான்.

நம்ம ஊர்ப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் விடாது. உன் குட்டன் ஏமன் பக்கத்து இனம், இங்கே பார்த்துப் பழக்கமில்லாதது. ஆனாலும் நம்ம மாட்டு டாக்டரிடம் போட்டோவைக் காட்டினேன். பல்லி, ஓணான் வகைக்குச் சீழ் நம்மைப் போல வடியாதாம். பாலாடைக்கட்டி மாதிரி உறைந்துவிடுமாம். கீறிவிட்டாலும் வராது, மருந்தும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது, உறையோடு எடுத்தால்தான் தீரும் என்றார். பச்சோந்திக்கு வாய் ஓரத்தில் ஒரு சுரப்பி உண்டு, அதில் இப்படிக் கட்டுவது அதிகம் என்றும் சொன்னார். அதனால் புற்று என்று இப்போதே அழாதே. முதலில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்கச் சொல்லு.

நம்ம நாய் கருப்பன் ஞாபகம் இருக்கிறதா? அவன் தோளில் கட்டி வந்தபோது, வயசாயிற்று, மயக்க மருந்து தாங்காது என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கட்டி உடைந்து ஈ மொய்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்போது அவனுக்கு எழும்பி நிற்கவே திராணி இல்லை. அது என் தப்பு மக்களே. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

குட்டனுக்கு நாலு வயசுதான். இன்னும் நாக்கை வீசி வெட்டுக்கிளி பிடிக்கிறான் என்கிறாய். உடம்பைவிட நீளமான நாக்கு அது. தாடையில் கட்டி பெருத்தால் வாய் திறக்கவே சிரமம், அப்புறம் இரை குறையும், உடம்பு மெலியும். மெலிந்த பிறகு மயக்கம் கொடுப்பதுதான் ஆபத்து. அதனால் சீழ்க்கட்டி என்றால், தின்கிறபோதே எடுத்துவிடு. புற்றாகி எலும்புக்குள் போயிருந்தால் வேறு விஷயம். அப்போது கத்தி வேண்டாம். வலி தெரியாமல் மருந்து கொடுத்து, அவன் கிளையிலேயே இருக்கட்டும்.

டாக்டரிடம் ஒன்று கேள்: மயக்கத்தில் இருக்கும்போது உடம்புச் சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்? அவனுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உங்கள் ஊரோ குளிர். தையல் பிரிக்கவும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாமாம். ஆசையில் அடிக்கடி கையில் எடுத்துவிடாதே, பயந்து கறுத்துப்போவான். வெட்டின ரப்பர் பட்டை திரும்ப வளர வருஷக்கணக்கில் காத்திருக்கிறேனே, நீ ஒரு மாதம் பொறு.

காசைப் பற்றி யோசிக்காதே. சீட்டுப் பணம் வந்திருக்கிறது, அம்மையும் அனுப்பச் சொல்கிறாள்.

ஊசிப் பரிசோதனை முடிவு வந்ததும் நேரம் பார்க்காமல் கூப்பிடு. இங்கே நடுராத்திரி ஆனாலும் சரி, வெட்டுக்குப் போக விடியுமுன்னே எழும்புகிறவன்தானே நான்.

அப்பா