கவட்டை இறங்கிய இடம்

தாண்டிக்குடி
வெள்ளிக்கிழமை ராத்திரி

அன்புள்ள தாயி,

நீ கொடுத்தனுப்பிய பித்தளைக் கம்பி ரெண்டும் வந்து சேர்ந்தன. உன் சித்தி மகன் துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தான். ஏர்போர்ட்டில் நிறுத்தி இது என்ன என்று கேட்டார்களாம். "எங்க பெரியப்பா தண்ணி பார்க்கிறவர்" என்றானாம். அந்த அதிகாரி சிரித்துவிட்டு, தன் ஊர்த் தோட்டத்தில் போர் போட வேண்டும், பெரியப்பா நம்பர் இருக்கிறதா என்று கேட்டாராம். நல்ல வேளை, இவன் கொடுக்கவில்லை.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது என்றேன். சிக்னல் இருந்தது. யோசிக்க நேரம் வேண்டியிருந்தது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது ரெண்டு. நம் ஊர்க் கல்திட்டை, அதுதான் குள்ளர் வீட்டுப் பக்கம் கம்பி பிடித்து நடந்து, இங்கிலாந்தில் உங்கள் பக்கம் இருக்கிற அவேபரிக் கல்வட்டத்தில் இருக்கிற மாதிரி பூமிக்குள் சக்தி ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஒன்று. அடுத்தது, நீ கம்பி பிடிக்கப் போகிற குழுவை நடத்துகிற அந்த அம்மாள் உன்னையும் நோயாளிகள் இருக்கிற வீடுகளுக்குக் கூட்டிப்போய், கட்டிலுக்கு அடியில் கெட்ட ஓட்டம் போகிறதா என்று பார்க்கக் கூப்பிடுகிறார், போகலாமா என்பது. முதலாவதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். ரெண்டாவதற்குப் பதில் சொல்ல, உன் அம்மாவும் நானும் மூடி வைத்த ஒரு கணக்கை அவிழ்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் குடித்துவிட்டு உன் தம்பியும் நானும் போனோம். மாசிப் பனி இன்னும் இறங்கவில்லை. நீ கடைசியாகப் பார்த்தபோது இருந்ததைவிடப் புதர் மண்டிக் கிடக்கிறது. மூன்று பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் திறந்த வாசல், அது அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதின் மூடுகல்தான் சரிந்து கிடக்கிறது. புதையல் இருக்கும் என்று எவனோ கடப்பாறை போட்டிருக்கிறான். நம் ஊர்க்காரர்கள் இன்னமும் குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடு என்றுதான் சொல்கிறார்கள். செத்தவர்களுக்காகக் கட்டியது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த ஆங்லாட் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் மலை முழுக்க அலைந்து, இந்தக் கல்திட்டைகளைப் பற்றி 1928-லேயே புத்தகம் போட்டுவிட்டார்கள். மலைக்குக் கீழே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது ஒரு கல்லறைக்குள் பானை நிறைய நெல் கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நெல்லின் வயதைக் கணக்கிட்டு கி.மு. 490 என்றார்கள். செத்தவனுக்குச் சோற்றுக்கு நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு எந்த ஓட்டத்தையும்விட அந்த நெல்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, கம்பிக்கு வருகிறேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரி ரெண்டு கையிலும் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசல் கல்லுக்கு நேரே வந்ததும் ரெண்டும் குறுக்கே மடங்கின. இடது மூலையில் ஒருதரம். ரெண்டு திட்டைக்கும் நடுவே ஒருதரம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. எழுபது வயதில் புதுக் கருவியைப் பிடித்து, அதுவும் முதல் நடையிலேயே படிந்துவிட்டதே என்று ஒரு பெருமை வேறு.

அப்புறம்தான் உறைத்தது. "வாசலுக்கு முன்னாடி கட்டாயம் மடங்கும்பா, பாருங்க" என்று நீ போனிலேயே சொல்லியிருந்தாய். உடனே தம்பியிடம் துண்டைக் கொடுத்து என் கண்ணைக் கட்டச் சொன்னேன். நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, தோளைப் பிடித்து நடத்தினான். கம்பி மடங்குகிற இடத்திலெல்லாம் ஒரு கல்லை வைத்துக்கொண்டே வந்தான். துண்டை அவிழ்த்துப் பார்த்தால் அஞ்சு கல். ஒன்றுகூட முதலில் மடங்கிய இடத்தில் இல்லை. ஒன்று, ஆட்டுக்காரர் புழுக்கை குவித்து வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். திரும்பவும் கட்டி நடந்தோம். இந்தத் தடவை வேறு நாலு இடம். தம்பி கேலி செய்வான் என்று பார்த்தேன், செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கம்பியைப் பிடிக்கிற விதத்தைக் கவனித்துப் பார். எந்த நேரமும் சரியத் தயாராக இருக்கிற மாதிரிதான் பிடிக்கிறோம். மணிக்கட்டு எள்ளளவு உள்ளே சாய்ந்தால் நுனி ஒரு சாண் நகர்ந்துவிடும். நான் தண்ணீர் பார்க்கிற கொய்யாக் கவட்டையும் அதே சங்கதிதான். ரெண்டு கிளையையும் வெளிப்பக்கமாக விரித்து இறுக்கிப் பிடிக்கும்போது அது வில் மாதிரி முறுக்கேறி நிற்கும். உள்ளங்கை துளி திரும்பினாலும் படாரென்று கீழே இறங்கும். அதை நிறுத்தப் பார்த்தால் பட்டை உரிந்து கையோடு வரும். அந்த உரிந்த பட்டையைப் பார்த்துத்தான் ஊரே வாயைப் பிளக்கும். நான் வேண்டுமென்று ஒரு நாளும் திருப்பியதில்லை. கை திருப்புவது எனக்கே தெரியாது. இதை 1852-லேயே உங்கள் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் கார்ப்பெண்டர் விளக்கியிருக்கிறார் என்று தம்பி போனில் படித்துக் காட்டினான். மனசில் எதிர்பார்ப்பு இருந்தால் போதுமாம், நாம் நினைக்காமலே தசை அசைந்துவிடுமாம்.

ஜெர்மனியில் மியூனிக் பக்கம் 1987, 88-ல் பெரிய சோதனையே வைத்திருக்கிறார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, மேல்தளத்தில் நடந்து குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். ஐநூறு பேரில் சலித்தெடுத்த கெட்டிக்காரர்கள் 43 பேர், 843 தடவை. ஆறு பேருக்கு அந்தத் திறமை நிஜமாகவே இருக்கிறது என்று நடத்தியவர்கள் சொன்னார்கள். அதே கணக்கை எடுத்துப் பார்த்த இன்னொருவர், குருட்டாம்போக்கில் சொன்னாலும் இவ்வளவு சரியாக வரும் என்று காட்டிவிட்டார். களஞ்சியத்துத் தரையில் புற்றும் இல்லை, நாவல் மரமும் இல்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஏனென்றால் தண்ணீர் பார்த்தது என் கவட்டை இல்லை, என் கண். நாவலும் அத்தியும் எங்கே நிற்கிறது, அதையொட்டிப் புற்று இருக்கிறதா, சித்திரை வெயிலில் எந்தக் கோட்டில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது, சாயங்காலம் கொசுக் கூட்டம் எந்த இடத்துக்கு மேலே தூண் மாதிரி சுற்றுகிறது, பாறையில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, இத்தனையும் தோட்டத்துக்குள் நுழைந்து கவட்டையை ஒடிப்பதற்குள் பார்த்துவிடுவேன். பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாமல் பார்த்துவிடுவேன். நாவல் மரத்துக்குக் கிழக்கே புற்று இருந்தால், மரத்துக்குத் தென்பக்கம் ரெண்டு ஆள் ஆழத்தில் நல்ல தண்ணீர் என்று வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் எழுதி வைத்திருக்கிறாரே. அந்தக் காலத்துக் கிணற்றுக்கு அது போதும். ஐநூறு, அறுநூறு அடி போகிற போர்வெல்லுக்குப் போதாது. அதை நான் கற்றுக்கொண்ட விதத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2003. மழை பொய்த்து மூன்றாவது வருஷம். அய்யம்பாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டார். தோப்பில் பாதி மரம் தலை தொங்கிவிட்டது. நான் போய் இறங்கியபோது மண்ணில் படிக்க ஒன்றுமே இல்லை. எல்லாம் ஒரே காய்ச்சல், ஒரே சாம்பல் நிறம். அவர் மோட்டார் ரூமை ஒட்டி நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் அங்கே இருந்தது. தண்ணீர் அங்கே வந்தால் அவருக்குச் செலவு குறையும். அவர் நின்ற இடத்துக்கு ரெண்டு அடி தள்ளிக் கவட்டை இறங்கியது.

ரிக் வண்டி வந்தது. 620 அடி வரைக்கும் வெறும் புகை. கல்மாவு பறந்து தென்னங்கீற்றெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவர் சம்சாரம் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் வந்ததும் குழிக்குத் தெளிக்க. ரெண்டாவது இடத்தையும் நான்தான் காட்டினேன். அதுவும் 480 அடியில் புகை. அந்தப் பெண்பிள்ளை சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் கையில் கிடந்த ரெண்டு வளையலையும் கழற்றி, "ரிக்காரனுக்குக் கொஞ்சமாவது ஆகும், கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். நீ நர்ஸிங் முடித்து லண்டன் விமானம் ஏறும்போது அம்மா வளையல் எங்கே என்று கேட்டாய். தேய்ந்துபோனதால் மாற்றிவிட்டோம் என்று சொன்னோம். அது பொய். அன்றையிலிருந்து நான் காசு வாங்கிக்கொண்டு தண்ணீர் பார்த்ததில்லை. கூப்பிட்டவர்களிடம் பூமிக்குள் மின்சாரம் எவ்வளவு தடைப்படுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கிற ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அதுவும் சில நேரம் தப்பும். ஆனால் அது, பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பாது.

இப்போது அந்த அம்மாள் விஷயம். உலகத்தில் இது புதிதில்லை. 1929-ல் ஜெர்மனியில் வில்ஸ்பிபர்க் என்ற ஊரில் வான் போல் என்ற பிரபு குச்சி பிடித்து நடந்து, புற்றுநோயில் செத்தவர்களின் கட்டிலெல்லாம் கெட்ட ஓட்டத்துக்கு மேலே இருந்தது என்று வரைபடம் போட்டுக் காட்டினார். சின்ன ஊரில் யார் வீட்டில் சாவு என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? தென்னந்தோப்பில் அவர் நின்ற இடம் எனக்குக் குச்சியில் தெரிந்த மாதிரிதான். நீ அந்த வீட்டுக்குள் போனால் நோயாளி எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்று உன் கண்ணுக்குத் தெரியும். உன் கை கேட்காது, மடங்கும். நீ பொய் சொல்லவும் மாட்டாய். அதுதான் எனக்குப் பயம். நீ நர்ஸ் வேறு. உன் வாயிலிருந்து "கட்டிலை அந்தப் பக்கம் போடுங்கள்" என்று வந்தால், அவர்கள் மருந்தைவிட அதைத்தான் நம்புவார்கள். போகாதே தாயி. அந்த அம்மாள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கல்வட்டத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவிண்டனிலிருந்து அரை மணி நேரம்தானே, லீவு நாளில் போ, காற்று வாங்கு, கம்பியும் பிடி. ஆனால் கதையைச் சரியாகத் தெரிந்துகொண்டு பிடி. 1921-ல் ஆல்ஃபிரட் வாட்கின்ஸ் ஹெரிஃபோர்டு பக்கம் மேடுகளையும் கற்களையும் பழைய கோயில்களையும் வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தாரே, அவர் சொன்னது வழித்தடம். உப்பு வியாபாரியும் மற்றவர்களும் அடையாளம் பார்த்து நேராக நடந்த பாதை. உன் தாத்தா காலத்தில் அய்யம்பாளையத்திலிருந்து குதிரையில் உப்பு ஏறிய பாதை மாதிரி. அவர் பேச்சில் சக்தியும் இல்லை, ஓட்டமும் இல்லை. அதெல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. மைக்கேல் ஓட்டம், மேரி ஓட்டம் என்று ரெண்டு பாம்பு பின்னிக்கொண்டு அவேபரி வழியாகப் போகிறது என்றாயே, அதை ஹேமிஷ் மில்லரும் பால் பிராட்ஹர்ஸ்டும் கம்பியோடு நடந்து சொன்னது 1980-களில்தான். எனக்கு ஒரு சந்தேகம். அவேபரியில் புதைந்து கிடந்த கற்களை அலெக்சாண்டர் கெய்லர் என்பவர் 1930-களில்தான் தூக்கி நிறுத்தினார், கல் காணாமல் போன இடங்களில் கான்கிரீட் தூண் நட்டார் என்கிறார்களே. அந்தத் தூணுக்குப் பக்கத்திலும் உன் கம்பி மடங்குகிறதா? பார்த்து எழுது.

அங்கே ஒரு கல்லில் கை வைத்தபோது உள்ளங்கை சுட்டது, அழுகை வந்தது என்று சொன்னாய். அதை நான் சந்தேகப்படவில்லை. நம் குள்ளர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் உன் அம்மா ஒரு கொத்துத் தழையைக் கிள்ளிக் கல் மேலே போட்டுவிட்டுத்தான் நடப்பாள். எதற்கு என்று ஒருதரம் கேட்டேன். "வழியில இருக்கிறவங்களுக்கு ஒரு தழை, அவ்வளவுதான்" என்றாள். அவள் போன பிறகு நீ மூன்றாம் நாள்தான் வந்து சேர முடிந்தது. உனக்கு எங்கேயாவது ஒரு கல்லில் கை வைத்து அழ வேண்டியிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துண்டை அவிழ்த்த பிறகு வாசல் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பனி விலகியதும் கீழே மருதாநதி அணை, அதற்கப்பால் சமவெளி, தூரத்தில் சிறுமலை நீலமாக. அடியில் வெறும் பாறை, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. ஆனால் பலகை பலகையாக உரிந்து வருகிற பாறை, மூடுகல்லுக்கு வெகுதூரம் போக வேண்டாம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் கெட்டிக்காரன். எழுந்து வரும்போது தம்பி ஒரு காப்பிக் கொத்தைக் கிள்ளிப் போட்டான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மிளகு இந்த வருஷம் சுமார்தான். களத்தில் காய்கிறது, உன் பங்கு ரெண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். கம்பி ரெண்டையும் தம்பி பந்தல் கொடியில் மாட்டி வைத்திருக்கிறான், அவரை படர ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் வரும்போது நல்ல டார்ச் ஒன்று வாங்கி வா. தோட்டத்துக் கடைசி வரைக்கும் வெளிச்சம் அடிக்க வேண்டும். ராத்திரியில் காட்டுமாடு இறங்குகிறது.

அன்புடன்,
அப்பா